ஷட்டரின் உட்பக்கம்

கண்டெய்னர் ஆபீஸின் தெர்மகோல் பலகையில்
ஒரு மழைக்காலத்துக்கு முந்தைய நூறு நாட்களைக்
குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறேன்.
பட்டாளத்திலிருந்து ஓட்டேரி நல்லா வரைக்கும்
எழுநூற்று இருபது மீட்டர் வடிகால்.
தோண்டுவதற்குப் பழுப்புப் பட்டை,
கம்பி கட்ட நீலம்,
கான்கிரீட்டுக்குச் சாம்பல்.
அது இறுகும் ஏழு நாளுக்கு மட்டும்
வெளிர்பச்சை கொடுத்தேன்.
தண்ணீர் ஊற்றுவதைத் தவிர
யாரும் ஒன்றும் செய்யாத நாட்கள்
பார்க்கவாவது குளிர்ச்சியாக இருக்கட்டும்.

மேலிருந்து கீழே ஒரு சிவப்பு நூல்.
அதுதான் இன்று.
காலை ஒன்பதுக்கு ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துவேன்.
நான் லீவு போட்டாலும் நகர்ந்துவிடுகிறது.

ஏ.இ. வருவார், நூலைப் பார்க்க மாட்டார்.
"செப்டம்பர் முப்பது முடிஞ்சிடும்ல மேடம்?"
முடியும்னு சார்ட் சொல்லுது சார், என்பேன்.
சார்ட்டைக் கைகாட்டுவதில் ஒரு சௌகரியம்,
பொய் என் வாயிலிருந்து வருவதில்லை.

ஆறாவது நாள்
ஜேசிபியின் பல்லில் சிக்கியது
எந்த வரைபடத்திலும் இல்லாத கேபிள்.
நாலு தெரு இருட்டாகிவிட்டது.
எங்களுடையதில்லை என்றது மின்வாரியம்.
யாருடையதும் இல்லாத கம்பியில்தான்
அத்தனை வீட்டு மிக்ஸியும் ஓடியிருக்கிறது.
பதினொரு நாள் போச்சு.
ஒரு பட்டையை மவுஸால் இழுத்தேன்,
பேசின் பிரிட்ஜில் ஷண்டிங் ஆகும் பெட்டிகள் போல
இடித்து இடித்துப்
பின்னாலேயே வந்தன மற்றதெல்லாம்.

ஃப்ளோட் என்று ஒன்று உண்டு எங்கள் பாஷையில்.
ஒரு வேலை எத்தனை நாள் பிந்தினால்
கடைசித் தேதிக்கு வலிக்காது என்ற கணக்கு.
அக்டோபர் முதல் வாரம் என்னுடையது பூஜ்யம்.
பதினாலாம் தேதி ராத்திரி மழை.
விடிந்து போய்ப் பார்த்தால்
எத்திராஜுலு பஞ்சர் கடையின் பழைய டயர்கள்
எங்கள் பள்ளத்தில் நிதானமாகச் சுற்றிவருகின்றன.
மொத்த சைட்டிலும்
ஃப்ளோட் மிச்சமிருந்தது அவற்றுக்கு மட்டும்தான்.

காலநீட்டிப்பு கேட்கவேண்டுமாம்,
எந்த வேலை எந்தத் தேதியில் நின்றது,
ஆதாரத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள்.
சைட் டைரி கண்டெய்னர் தரையில்
கூழாகிக் கிடந்தது.
சூப்பர்வைசர் தேவசகாயம்
ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தார்.
அவர் ஞாபகத்தில்
ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடந்திருக்கிறது.

பலகை மேல் கால்வைத்துப் பள்ளத்தைத் தாண்டினேன்.
உள்ளே வரச்சொல்லி
ஷட்டரை முழுசாக இறக்கினார் எத்திராஜுலு.
டியூப்லைட் வெளிச்சத்தில் சாக்பீஸ் கோடுகள்.
வண்டி வரமுடியாத நாளுக்கு ஒரு கோடு.
ஜேசிபி ஓடியிருந்தால் பக்கத்தில் புள்ளி.
ஆள் வந்தும் சும்மா உட்கார்ந்திருந்தால் வட்டம்.
கரண்ட் இல்லாததற்குப் பெருக்கல் குறி,
எண்ணினேன், பதினொன்று.
"இந்த ரெண்டு அலைக்கோடு?"
"அதுவா, சிமெண்ட்டுக்குத் தண்ணி ஊத்த
உங்க ஆளுங்க வரல. நான் ஊத்துனேன்.
வெடிச்சிட்டா மறுபடி தோண்டுவீங்களே."
"எதுக்கு இதெல்லாம் குறிச்சீங்க?"
"நஷ்டம் கேக்கலாம்னுதான்.
யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

போட்டோ எடுத்துக்கொண்டேன்.
அன்று ராத்திரி ஒவ்வொரு பட்டைக்கும் அடியில்
நடந்ததை மெல்லிய கறுப்பில் போட்டேன்.
வண்ணங்கள் எல்லாம் கூசிப்போயின.
இணைப்பு மூன்று: தள ஆதாரம்.
அவர் பெயர் அதில் வரக்கூடாதாம்.

கடைசி வரிசையில் டெண்டரில் இல்லாத ஒரு வேலை சேர்த்தேன்.
கடை வாசலில் ஸ்லாப், வண்டி ஏற.
காலம் ஒரு நாள், ஃப்ளோட் பூஜ்யம்.
என்ன கலர் என்று யோசித்து
யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்லாப் போட்டோம்.
செவ்வாய், நூலை நகர்த்திவிட்டு
அவர் என்ன குறி போட்டிருக்கிறார் என்று பார்க்கப் போனேன்.
ஒரு ஆக்டிவா, ஒரு மீன்வண்டி நின்றன.
ஷட்டர் மேலே சுருண்டிருந்தது.